காற்றை அளந்த நாள்

"மூடியைப் போடுங்கக்கா! தொட்டி திறந்திருக்கு பாருங்க!"

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில் பெரியக்கா திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கழுவும் அறையில் வேலை பார்க்கிறாள். தொட்டிக்கு மூடி என்று ஒன்று இருப்பதே இந்த வாரம்தான் அவளுக்குத் தெரியும்.

"ஏன் சார், திறந்து வச்சா தொட்டிக்குச் சளி பிடிச்சுக்குமா?"

"கிண்டல் அப்புறம். காத்தை அளக்கற மேடம் வாசல் கிட்ட வந்தாச்சு!"

புது பேரிங்குகளில் ஒட்டியிருக்கும் எண்ணெயைக் கரைத்து எடுக்கும் திரவம் அந்தத் தொட்டியில் இருந்தது. எண்ணெயைக் கரைப்பதோடு நின்றால் பரவாயில்லை. அது ஆவியாகி மூக்கு வழியே உள்ளே போனால் சாயங்காலம் தலை வலிக்கும். வருஷக்கணக்கில் போனால் விரல் நுனி மரத்துப்போகும்.

முதலாளி போன வாரமே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார். "கவர்ன்மென்ட்டுல இருந்து அளக்க வராங்க. காத்துல ஆவி அளவு தாண்டிச்சுன்னா அறைக்குப் பூட்டு. பூட்டின கையோட நீயும் வீட்டுக்குக் கிளம்பிடு."

ஐம்பத்திரண்டு வயதில் வேறு எங்கே போய் வேலை கேட்பது? சூப்பர்வைசர் பயந்துபோய், அலமாரியில் வருஷக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த கையேட்டைத் தூசு தட்டிப் படித்தார். படிக்கப் படிக்க ஆச்சரியம். அந்த ஆவி காற்றைவிடக் கனமாம். மேலே இருக்கும் ஜன்னலைத் திறந்தால் அவ்வளவாகப் பயனில்லை. அது தண்ணீர் மாதிரி தரையோடு தவழுமாம். உடனே கேன்டீனிலிருந்து இரண்டு பெரிய மின்விசிறிகளைத் தூக்கி வந்து, பின்வாசலில் தரையோடு தரையாக, வெளியே பார்த்து வைத்தார். பேரிங்குகளை முக்கியெடுக்கும் கூடையை வெடுக்கென்று தூக்கினால் திரவம் சிதறும். மெதுவாகத் தூக்கித் தொட்டிக்கு மேலேயே சொட்டவிட்டால் பாதி ஆவி வெளியே வராது. அதையும் எல்லோருக்கும் பழக்கினார்.

மேடம் வந்தார். தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் பெரியக்காவின் சட்டைக் காலரில் மாட்டினார்.

"சுவத்துல மாட்டினா ஆகாதா மேடம்?"

"சுவரா மூச்சு விடுது? உங்க மூக்குக்கு ஒரு சாண் தள்ளி என்ன காத்து இருக்கோ அதுதான் எனக்கு வேணும்." மேடத்துக்கு விளக்கிச் சொல்வதில் தனிக் குஷி. "நிமிஷத்துக்கு ஒரு தடவை இது குறிச்சுக்கும். ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும். எட்டு மணி நேரத்தையும் கூட்டி வகுத்தா இன்னைக்கு நீங்க சுவாசிச்சதோட சராசரி வந்துடும்."

எவ்வளவு வரை இருக்கலாம் என்று கேட்க சூப்பர்வைசருக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்டால், 'அதுகூடத் தெரியாமலா அறையை நடத்துறீங்க?' என்று திருப்பிக் கேட்டுவிட்டால்? கேள்வியை விழுங்கிக்கொண்டார்.

மதியம், 'ஒல்லி' என்று எல்லோரும் கூப்பிடும் தொழிலாளி பழக்கதோஷத்தில் கூடையை வெடுக்கென்று இழுத்தான்.

"மெதுவாடா! குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கு!"

"என் குழந்தையையே இவ்வளவு பதமா தூக்கினதில்ல சார்."

மேடம் சிரித்துக்கொண்டே கேட்டார். "தினமும் இப்படித்தான் வேலை நடக்குதா சார்?"

"தினமும் மேடம்! இந்த அறையில இதுதான் வழக்கம்."

பெரியக்காவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. சூப்பர்வைசர் அவளைப் பார்த்த பார்வையில் அது உடனே நின்றும் போனது.

சாயங்காலம் கருவியைக் கழற்றி, கம்ப்யூட்டரில் செருகி, மேடம் எண்ணைப் படித்தார். "எட்டு. பத்து லட்சம் பங்கு காத்துல எட்டே எட்டுப் பங்கு ஆவி. வேலை ஏதாவது குறைஞ்சுதா?"

"ஒரு கூடைகூடக் குறையல மேடம்!" அது மட்டும் சத்தியமான உண்மை.

"இன்னைக்குத் தலைவலிகூட வரலை," என்றாள் பெரியக்கா. அதுவும் உண்மைதான்.

"அப்படின்னா 'தினமும் இதே முறையில்தான் வேலை நடக்கிறது'ன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க சார்."

கையெழுத்துத்தானே! தன் வாழ்நாளிலேயே அழகான கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, வேலை தப்பித்த தெம்பில் சூப்பர்வைசர் இப்போது துணிந்து கேட்டார். "அப்ப வரம்புக்குள்ளதானே மேடம் இருக்கோம்?"

"வரம்பா? இந்தத் திரவத்துக்கு இன்னும் வரம்பே கிடையாதே சார்! அதை முடிவு பண்ணத்தான் ஊர் ஊரா அளந்துட்டு வரோம். டாக்டருங்க பத்தைத் தாண்டக் கூடாதுங்கறாங்க. முதலாளிங்க, ஐம்பதுக்குக் கீழ கொண்டுவந்தா தொழிலே நடத்த முடியாதுன்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. மூணு வருஷ இழுபறி, வேலை குறையாம தினமும் எட்டுல நடத்தலாம்னு காட்டின உங்க கையெழுத்தால முடிஞ்சுது." மேடம் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைக்கு வரம்பு வைக்கற குழுவுல பத்துன்னு எழுதிடுவோம். அப்புறம் நாட்டுல எந்தத் தொழிற்சாலையில, என்னைக்கு, சொல்லாம கொள்ளாம வந்து அளந்தாலும் பத்தைத் தாண்டினா அறைக்குப் பூட்டுதான். உங்களுக்கென்ன சார் கவலை, இங்கதான் தினமும் எட்டாச்சே!"