வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

சாலவாக்கத்தில் பத்தடி உயரமுள்ள ஓர் ஓட்டு வீட்டைப் பார்க்கத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் கோகுல்ராஜ். வாங்குகிறவர் சென்னையிலிருந்து அனுப்பிய நிபுணர். இவர் சரியென்றால் திங்கட்கிழமை பத்திரப்பதிவு. சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்கிறார். எந்த டாக்டரும் நம் நெஞ்சை அவ்வளவு நேரம் கேட்டதில்லை. குழாயைத் திறக்கிறார். தண்ணீர் வருகிறது. "வாட்டர் வருது" என்று செல்போனுக்கு அறிவிக்கிறார். விற்கிற கன்னியப்பன் தலையாட்டிக்கொண்டே பின்னால் நடக்கிறார். அவர் மனைவி தேவகி சுவரோரமாக வருகிறாள். பின்னறை வாசலில் நிபுணர் நிற்கிறார். கதவின் வெளிப்பக்கம், தலைக்கு மேலே, கைபட்டுக் கைபட்டு மினுங்கும் பெரிய தாழ்ப்பாள். உள்பக்கம் ஒன்றுமில்லை. "என்னங்க, ரூமா ஜெயிலா? தாழ்ப்பாள உள்ள போடணும்னுகூடத் தெரியாத ஆசாரி!" சிரிக்கிறார். "ஆமா சார், ஆசாரி தப்புதான்" என்கிறார் கன்னியப்பன் அவசரமாக. புத்தி வளராத மகன் ஜீவா இந்த அறையிலிருந்து நழுவிப்போய் ஏரியில் மூழ்கி எட்டு மாதம் ஆகிறது. ஏரி கண்ணில் படாத ஊருக்குப் போய்விடத்தான் இந்த விற்பனை. சாவு விஷயம் தெரிந்தால் வாங்குகிறவர் ஓடிவிடுவார். மனைவியைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சுகிறார். ஜன்னல் வெயில் தாழ்ப்பாள்மேல் விழுகிறது. நிபுணர் படம் எடுத்து, "ஆசாரியின் தவறு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார். "அப்டி எய்தாத நைனா" என்கிறாள் தேவகி. "ஆசாரி ஒய்ங்காத்தான் வெச்சிக்கிறாரு. அன்னிக்கி ஒருநாளு நாந்தான் தாப்பா போடல."