கடைசிப் பதில்

நார்வே மலைச்சாலையில், பனியை அள்ளி வீசும் லாரியின் வாயில் ஐஸ்கட்டி சிக்கிச் சுழல்கத்தி நின்றுபோனது. பின்னால் பிரசவ வலி கண்ட பெண்ணோடு ஆம்புலன்ஸ் காத்திருந்தது.

"குத்தி எடுக்கிற கழி ஷெட்டுல கெடக்கு. கையாலதான் எடுக்கணும்," என்றான் பக்கத்து இருக்கையில் இருந்த ஹல்வோர்.

"வேணாம்ண்ணே," என்றாள் வண்டி ஓட்டிய மாரிட்.

"எஞ்சினைத்தான் அணைச்சாச்சே! போன்ல நம்ம பனிவண்டிக்காரங்க குழுவப் பாரு, இந்த மனுஷன் எத்தனை வருஷமா சொல்றாரு, எஞ்சினை அணைச்சுட்டுக் கைய விட்டா ஆபத்தே இல்லையாம். அத்தனை பேரும் கும்பிடு போட்டிருக்காங்க. பயந்தாங்கொள்ளி!"

போனை அவள் மடியில் போட்டுவிட்டு இறங்கினான்.

மாரிட் படித்துக்கொண்டே போனாள். அந்த மனிதர் கடைசியாக எழுதியது மூன்று வருடத்துக்கு முன்னால்: "நம்பாதவங்களுக்காக இப்பவே கைய விட்டுக் காட்டுறேன். வந்து படம் போடுறேன்."

அதற்கப்புறம் அவர் எதுவுமே எழுதவில்லை.

"கைய எடுண்ணே!" கதவைத் திறந்து கத்தினாள்.

ஐஸ்கட்டி விடுபட்டது. அணைந்த வண்டியில், அதுவரை முறுக்கேறி நின்ற கத்தி மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.