மேசையில் மூன்று தட்டு

இந்தக் காலத்தில் துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குச் செத்தவன் பெயர்கூட வாயில் வருவதில்லை. வாசலில் நின்ற இரண்டு பேரும், "தளபதி ரூம் இதானே?" என்று கேட்டபோது பெரியவருக்கு எரிச்சல்தான் வந்தது.

மகனின் சட்டைகளை அட்டைப்பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தார். "இங்க தளபதியும் இல்லை, ராஜாவும் இல்லை. என் பையன் இருந்தான். போயிட்டான்."

"அவனைத்தாம்ப்பா சொல்றோம்," என்றான் நெட்டையாக இருந்தவன். "எங்க விளையாட்டுல அவன்தான் தளபதி. நான் சாமியார். இவ வைத்தியச்சி."

பெரியவர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். ஆளுக்கு ஏழு கழுதை வயசாகிறது. சாமியார் டை கட்டியிருந்தான். வைத்தியச்சி ஆபீஸ் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட இல்லை.

மேசைமேல் கிடந்த ஹெட்போனை அவர் பெட்டிக்குள் போடப் போனார். "அது நாங்கல்லாம் சேர்ந்து அவனுக்கு வாங்கிக் குடுத்ததுப்பா," என்றாள் அவள். "கீழ பட்டறையில தகரம் அடிக்கிற சத்தம் எங்க காதைப் பொளக்கும். இது வந்த பிறகு அவன் குரல் மட்டும்தான் எங்களுக்கு வரும், நிம்மதி."

"அவன் உயிர் போறப்ப நீங்கதானே இதுல பேசிட்டிருந்தீங்க?"

சாமியார் தரையைப் பார்த்தான். "ஆமாப்பா."

"என்ன சொன்னான்?"

"நெஞ்சை அடைக்குது, ஆள் அனுப்புங்கடான்னான்."

"கேட்டுட்டுச் சும்மா இருந்தீங்க."

"சும்மா இல்லப்பா." அவள் குறுக்கிட்டாள். "நான் மூலிகை குடுத்தேன், மந்திரம் சொன்னேன். அப்பதான் தளபதி மேல விஷ அம்பு பாஞ்சிருந்துச்சு. 'நடிக்கலை, நிஜமாத்தான்'னு கூடச் சொன்னான். அதுக்கும் சபாஷ் போட்டோம்."

பெரியவர் ஹெட்போனை மறுபடி மேசைமேலேயே வைத்தார்.

சாமியார் திக்கித் திணறி விளக்கினான். காலேஜ் நாளில் இதே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் கட்டிக் கதையாகவே ஆடுவார்களாம். வேலை ஆளுக்கொரு ஊருக்கு இழுத்ததும், அந்த வேஷங்களோடு கம்ப்யூட்டர் சண்டை விளையாட்டுக்குள் குடியேறினார்களாம்.

"வேஷத்துல இருக்கறப்ப வாய் என்ன சொன்னாலும் அது வேஷம்தாம்ப்பா. நிஜமாவே முடியலைன்னா மேசையை மூணு தடவை தட்டணும். அவனே போட்ட சட்டம். கம்ப்யூட்டருக்குப் போன பிறகு யாருக்கும் தட்டற அவசியம் வரலை. அன்னிக்கும் அவன் தட்டலை."

ஆஸ்பத்திரியில் பார்த்த மகனின் வலது கை பெரியவரின் கண்முன் வந்தது. விரல் முட்டிகள் தோலுரிந்து கன்றிப்போயிருந்தன. கீழே விழுந்ததில் பட்டிருக்கும் என்றார்கள். அவர் தலையாட்டிவிட்டு வந்தார். நம்பவில்லை.

காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் அவர். "விசில் அடிச்சேன்பான் கண்டக்டர். கேக்கலைம்பான் டிரைவர். ரெண்டுல ஒருத்தன் புளுகறான்," என்றார். "என் பையன் இனி வந்து சொல்ல மாட்டான். நான் தட்டறேன். கேக்குதான்னு நீங்க சொல்லுங்க."

சாமியார் மறுக்கவில்லை. கம்ப்யூட்டரை ஓடவிட்டு, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினான். இருவரும் தெருக்கோடியில் நின்ற காருக்குப் போய், கதவை அடைத்துக்கொண்டு போன் வழியாகப் பேச்சுக்குள் வந்தார்கள்.

"நான் பேசறது கேக்குதா?"

"பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்குதுப்பா."

பெரியவர் விரல்களை மடக்கி மூன்று தட்டு தட்டினார். பதில் இல்லை. ஓங்கித் தட்டினார். மேசைமேல் கிடந்த பகடைகள் துள்ளி விழுந்தன. மறுபடியும் தட்டினார். விரல் முட்டியில் தோல் பிய்ந்து எரிந்தது. அந்தப் பக்கம் பேச்சு மூச்சில்லை.

அவர் நினைத்தது சரிதான். வேஷம் கட்டிப் பழகின கூட்டம், இப்போதும் காதில் விழாத மாதிரி நடிக்கிறது. என் பிள்ளை தட்டியபோதும் இப்படித்தானே நடித்திருப்பார்கள்.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் எறிந்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், ஹெட்போனுக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் மெல்லியதாகக் கேட்டது.

"என்னப்பா, இன்னும் தட்டலையா?"