அபராதக் கன்றுகள்

"ஒங்க தோட்டத்துல மொத்தம் எத்தன மரம் நிக்குது, மகள்?"

பெண் பார்க்க வந்த பிரேமிளா டீச்சர், பஸ்லினாவிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவள் வாய் திறக்கும் முன்பே அப்பா ராஜலிங்கம் குறுக்கே விழுந்தார்.

"மரமா? ஒன்னு ரெண்டு இருக்கும் டீச்சர். கேக் எடுங்க."

"பின்னால போய்ப் பார்க்கலாமா?"

"பின்னால ஒரே சேறு. நம்ம ஹந்தானை ஊர் மழை தெரியும்தானே. வழுக்கிறும்."

பெண் வீட்டார் தோட்டத்தைக் குறைத்துச் சொல்லும் இந்தப் புது வழக்கத்தைத் தொடக்கி வைத்தவர் பங்குச் சாமி. தவக்காலத்தின் முதல் ஞாயிறு பூசையில் அவர் ஓர் அறிவித்தல் கொடுத்தார். இனித் தன்னிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்பவர்களுக்கு அபராதம் பத்து அருள்நிறை மந்திரம் அல்ல, மரக்கன்று. சின்னப் பாவத்துக்கு ஒன்று, பெரிய பாவத்துக்கு இரண்டு மூன்று. கோயில் பக்கவாசலில் எடுத்துக்கொண்டு போய் அவரவர் வீட்டில் நட வேண்டும். பூமிக்காகச் சொல்ல ஒரு செபமும் அச்சடித்து, நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டு ஆளுக்கொன்று கொடுத்தார்.

பாவசங்கீர்த்தன இரகசியத்தைச் சாமி கடைசிவரை காத்தார். கன்றுகள்தான் காட்டிக்கொடுத்தன.

இரண்டாவது வாரமே பங்குமக்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து எண்ணத் தொடங்கினார்கள். நான்கு கன்று நின்ற வீட்டுக்காரர் பாடகர் குழுவிலிருந்து தானாகவே விலகிக்கொண்டார். ஏழு நட்ட கடைக்காரரிடம் அரிசி வாங்கியவர்கள் வீட்டில் போய் இன்னொரு முறை நிறுத்துப் பார்த்தார்கள்.

டீச்சர் பங்குக் கோயிலின் சுற்றாடல் பாதுகாப்புக் குழுச் செயலாளர். சனிக்கிழமை பாவசங்கீர்த்தன வரிசையில் ஒரு வாரமும் தவறாதவர். கல் பதித்த அவர் வீட்டு முற்றத்தில், சட்டியில் ஒரே ஒரு நெல்லிக்கன்று நின்றது. அதுவும் இல்லாவிட்டால் ஊர் அதைக் கர்வம் என்று சொல்லிவிடும்.

பஸ்லினா அதே கோயிலில் கூட்டுகிறவள். உள்ளே வரிசை நிற்கும் நேரம் அவள் பின்புறத்தில், மாதா சொரூபம் வைத்த கல்குகையான கெபியின் பக்கம் விளக்குமாறும் கையுமாக இருப்பாள். பேச்சு குறைவு. அவள் வீட்டுத் தோட்டத்தில் மட்டும் பத்தொன்பது கன்றுகள்.

டீச்சரின் மகன் துஷாந்துக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனைத்தான். தவக்காலம் முடிந்து பாஸ்காத் திருநாள் கழிந்த கையோடு பேச வருவதாக டீச்சர் வீட்டார் சொல்லியனுப்பினார்கள். டீச்சர் தலையாட்டுவது ஒன்றுதான் பாக்கி.

அவர்கள் வரும் அன்று காலையில் ராஜலிங்கம் மண்வெட்டியோடு நின்றார்.

"புடுங்கிப் போட்டுருவோம் பிள்ள. அந்த அம்மா பாத்தா இந்தக் கலியாணம் போச்சு."

"வேர் விட்டிருச்சுப்பா. பாவம்."

"பாவம்தான். அதத்தான் நானும் சொல்றேன்."

அவள் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கவில்லை. அப்படி என்னதான் செய்தாய் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

இப்போது டீச்சர் சேற்றையும் பொருட்படுத்தாமல் பின்னால் போனார். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விரல் நீட்டி, வரிசை வரிசையாக எண்ணினார். திரும்பி வந்து கதிரையில் அமர்ந்து, தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"ராஜலிங்கம், நான் ஒன்னும் சொல்லல. பிள்ள நல்ல பிள்ளையா இருக்கலாம். ஆனா ஊர் கண்ணுக்குப் பத்தொன்பது தெரியுது."

"விடுங்கம்மா" என்றான் கூட வந்திருந்த துஷாந்த்.

"நீ சும்மா இரு. எனக்கு அறுபது வயசாகுது. என் வீட்டுல ஒன்னுதான். இவளுக்கு இருபத்தஞ்சுலயே பத்தொன்பது."

ராஜலிங்கம் தரையைப் பார்த்தார். பஸ்லினா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"இந்தத் தவக்காலத்துல நான் பாவசங்கீர்த்தனத்துக்கே போகல டீச்சர்."

"போகாமயேவா இவ்வளவு?"

"அதெல்லாம் என்னோடது இல்ல. வீட்டுல நட்டா மத்தவங்க எண்ணுவாங்கன்னு, எடுத்துட்டுப் போறவங்க கெபிக்குப் பின்னால போட்டுட்டுப் போயிர்றாங்க. வெயில்ல காயுது. கூட்டுறப்ப எடுத்துட்டு வந்து நட்டேன்."

ராஜலிங்கத்துக்கு ஆறு வாரத்துக்குப் பிறகு முதுகு நிமிர்ந்தது.

"அடி பிள்ள, இத மொதல்லயே சொன்னா என்ன?"

"யாரு போட்டதுன்னு கேப்பீங்கப்பா."

துஷாந்த் அவளைப் பார்த்துச் சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார், கைப்பையைத் தூக்கினார், திரும்ப வைத்தார். எழும்பிப் போகிற யோசனைதான். ஆனால் அடுத்தவர் பாவத்தின் தொகை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது யாரால் எழும்ப முடியும்? அதுவும் தன்னை ஒருவரும் காணவில்லை என்று உறுதியாக நம்புகிறவர்.

"யார் யாருன்னு பாத்தியா நீ?"

"தூரத்துல நின்னு பாத்தேன். யாருக்கிட்டயும் சொல்லல."

"சொல்லத்தான் வேணும். சாமியோட திட்டத்தையே கெடுக்கிற வேல இது. அடுத்த கூட்டத்துல பேரோட வாசிக்கிறேன்."

"வேணாம் டீச்சர்."

"பயப்படாத. எல்லாரும் வேணாம். ஆகக் கூடப் போட்டது யாரு, அத மட்டும் சொல்லு."

பஸ்லினா துஷாந்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் கால் விரல்களைப் பார்த்தாள்.

"பதினொன்னு நீங்க போட்டது, டீச்சர்."

துஷாந்த் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. டீச்சர் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.