படிக்கட்டைப் பார்க்கும் காலணிகள்

கோட்டையின் மரத்தரையில் காலணியோடு ஏறக் கூடாது. வருகிறவர்கள் வாசலில் கழற்றிவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது அப்படியே மாட்டிக்கொண்டு நடக்க வசதியாக, முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி அவற்றைத் திருப்பி வைப்பது என் வேலை.

அன்று காலையிலிருந்தே தூறல். அகழிப் பூங்காவைச் சுற்றிவிட்டு ஒரு வயதான தம்பதி வந்தார்கள். மனைவி நவோகோவுக்கு மூட்டுவலி என்பதால் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். கணவர் கட்சுஜி மட்டும் ஆறு மாடி ஏறப் போனார். அவருடைய பழுப்புக் காலணிகளைத் திருப்பி வைத்தேன். சற்று நேரத்தில் அவை மறுபடி படிக்கட்டைப் பார்த்தபடி இருந்தன. மூன்று முறை திருப்பினேன்.

"அவரு ஷூவும் அவர மாதிரியேதான், சொன்ன பேச்சு கேக்காது" என்று நவோகோ சிரித்தார்.

நாலரைக்கு மூடும் மணி அடித்தது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். கட்சுஜி வரவில்லை. காவலர் ஹயாமி ஆறு மாடியும் தேடிவிட்டு வந்தார்.

"மேல ஒருத்தரும் இல்லம்மா. ஏறவும் எறங்கவும் இந்த ஒரே படிதான்."

நவோகோ சிரமப்பட்டுத் தரையில் மண்டியிட்டார். கணவரின் காலணிகளை வாசல் பக்கம் திருப்பி, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தார்.

"பாத்தது போதும், வீட்டுக்கு வாங்க. பஸ் போயிடும்" என்றார் அவற்றிடம்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்களும் கொஞ்சம் பிடிங்களேன். என்னால தனியா முடியல."

நானும் மண்டியிட்டு ஒரு காலணியைப் பிடித்துக்கொண்டேன். அது நிதானமாகப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தது.