ஆறாவது இடம்

கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து, அன்பரசியின் அப்பா அர்ச்சுனன் முதல் முறையாக போளூரில் பஸ் பிடித்து ஜவ்வாது மலையேறி மகள் வீட்டுக்கு வந்திருந்தார். தன்னைக் கேட்காமல் மகளைக் கட்டிக்கொண்ட அருள்மணியை அவர் இதுவரை "மாப்ளே" என்று கூப்பிட்டதில்லை. இன்றைக்காவது அந்த ஒரு சொல் வந்துவிடாதா என்று அடுப்படியில் அன்பரசி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அருள்மணி, தானே செய்த ரேடியோவில் கடைசி ஃபில்டரைப் பற்றவைத்து முடித்திருந்தான்.

"இன்னாது இது?" என்றார் அர்ச்சுனன், சுவரைப் பார்த்து.

"அலைவரிசைக்கு ஒரு ஃபில்டருங்க மாமா. இந்தக் குமிழைத் திருப்பினா ஒண்ணொண்ணா மாறும். அஞ்சு இருக்குது. ஆறாவது இடம் காலி. ஒயரே குடுக்கல, ஒண்ணும் கேக்காது."

அர்ச்சுனன் நேராக ஆறாவதுக்கே திருப்பினார்.

"மாப்ளே, கொழந்தைக்குக் குல்லா போட்டியா? காத்து சில்லுனு அடிக்குது பாரு" என்றது ரேடியோ. அர்ச்சுனனின் குரலேதான். பின்னால் ஒரு குழந்தை கெக்கலித்துச் சிரித்தது.

அர்ச்சுனன் வாயே திறக்கவில்லை. அருள்மணி பெட்டிக்குள் குனிந்து பார்த்தான். ஆறாவது இடத்தில் ஒயர் இல்லை. அடுப்படி வாசலில் அன்பரசி கரண்டியோடு நின்றாள். வயிற்றில் பிள்ளை இருப்பது காலையில்தான் அவளுக்கே தெரிந்தது. புருஷனிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

குழந்தை மறுபடி சிரித்தது. அர்ச்சுனன் நாற்காலியை ரேடியோவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வை, மாப்ளே."