கப்பல் ஏறாத மாப்பிள்ளை

“கப்பல் ஏறணும்னு கனவு கண்டிருந்தாக்கூட இப்பவே சொல்லிப்புடுங்க தம்பி. கொண்டாந்த வெத்தலைத் தட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிரலாம்.”

சேவுகன் ஆசாரி இப்படிக் கேட்டதும், பெண் பார்க்க வந்த கூட்டம் பணியாரத்தைக் கடித்தது பாதி கடிக்காதது பாதியாக நின்றுவிட்டது. மாப்பிள்ளைப் பையன் தங்கச்சாமி கையிலிருந்த பணியாரத்தைத் தட்டில் வைத்தான்.

“கப்பலா? நான் கண்மாயிலகூட இடுப்பளவுக்கு மேல எறங்குனதில்லை மாமா!”

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்ற ராமுத்தாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லிப் புருஷனை நச்சரித்ததே அவள்தான்.

சேவுகன் சண்டைக் கப்பலில் ஆசாரியாக இருந்த காலத்தில் அவள் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. மகள் காளி பிறந்தபோது அவர் கடலில் இருந்தார். காளிக்கு நடக்க வந்து, பேச்சு வந்த பிறகுதான் ஊருக்கு வந்தார். “யாரும்மா இந்தாளு, நம்ம வீட்டுல வந்து சோறு திங்கிறாரு?” என்று கேட்டது பிள்ளை.

அவர் கப்பல் போயிருந்த பஸ்ராவில் சண்டை நடந்த வருஷம் அவரைப் பற்றித் தகவலே இல்லை. தாலியைக் கழற்றச் சொல்லி உறவுக்காரிகள் வந்து உட்கார்ந்தார்கள். ராமுத்தாய் விளக்குமாற்றைத் தேடிய பிறகுதான் எழுந்து போனார்கள்.

அந்தப் பாடு காளிக்கு வேண்டாம். காரைக்குடிச் சீமையில் பாதி ஆம்பிளைகள் ரங்கூனிலோ பினாங்கிலோ கிடக்கட்டும். தன் மருமகன் மட்டும் இங்கே அமராவதிபுதூரில், கண்ணெதிரே இருக்க வேண்டும்.

“அண்ணே, பொண்ணு பாக்க வந்தோமா, கோர்ட்டுல சாட்சி சொல்ல வந்தோமா?” என்றார் பையனின் அப்பா அழகப்பன் ஆசாரி.

சேவுகன் சிரிக்கவில்லை. பையனை வீட்டை ஒட்டியிருந்த பட்டறைக்கு அழைத்துப் போனார். மாப்பிள்ளையின் கைவேலையைப் பார்க்காமல் அவர்கள் வகையில் தட்டு மாற்றுவதில்லை. இரண்டு கட்டையை ஆணியில்லாமல் இணைத்துக் காட்டினால் போதும், அதுதான் வழக்கம்.

தங்கச்சாமி இணைத்தான். இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. அதோடு விடாமல் கதவு மாட்டச் சொன்னார். உளி தீட்டச் சொன்னார். பையனின் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“செட்டியார் வீட்டு ஆச்சி வந்து, நிலை கோணல்னு சத்தம் போடுறாக. என்ன சொல்லுவீக?”

“தப்பு எம்மேலதான்னு சொல்லுவேன்.”

“கோணலே இல்லேன்னா?”

“அப்பவும் எம்மேலதான் மாமா.”

“தேறிட்டீக,” என்றார் சேவுகன், அலுப்பாக. “நான் ஒரு மாசம் படுத்துட்டேன்னு வைங்க. பட்டறையத் தனியா ஓட்டுவீகளா?”

“ஓட்டுவேன்.”

“ஒரு வருசம்னா?”

“என்ன பேச்சு இது, நல்ல நாளும் அதுவுமா!” என்று கதவுக்குப் பின்னாலிருந்தே சத்தம் போட்டாள் ராமுத்தாய்.

கடைசியாக, பையன் வீட்டோடு மாப்பிள்ளையாக வரவேண்டும் என்றார் சேவுகன். அழகப்பனுக்குச் சுருக்கென்றது. “ஊரு சிரிக்குமே அண்ணே” என்றார். மீசையைத் தடவினார். பிறகு, “சிரிக்கட்டும். எனக்கு நாலு பயலுக. ஒருத்தன் இங்குட்டு இருந்தா அங்குட்டு அடிபிடி குறையும்” என்று தட்டை மாற்றிக்கொண்டார். தை மாசம் கல்யாணம்.

மாப்பிள்ளை வீட்டாரின் கண்டரமாணிக்கத்து வண்டி தெரு முனையைத் தாண்டியதும் ராமுத்தாய் பட்டறைக்கு ஓடிவந்தாள். சேவுகன் மரக்குவியல் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“வலிக்குதாக்கும்?”

“தரை ஆடாம நிக்குதுல்ல, அதான்.”

கரைக்கு வந்த நாளிலிருந்து அவர் சொல்வதுதான். அவள் வழக்கம்போலச் சிரித்தாள்.

“என் வயித்துல பாலை வார்த்தீக. இந்த வீட்டுல இனிமே எவளும் தபால்காரன் வருவானான்னு வாசலப் பாத்துக்கிட்டு நிக்க வேணாம். எம்புட்டுக் கெட்டியா கேட்டீக! பையன் ஆடிப்போயிட்டான்.”

சேவுகன் மடியில் கிடந்த மரச்சீவல்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நாகப்பட்டினத்துல, ரங்கூன் போற கப்பலுக்கு ஒரு ஆசாரி வேணுமாம். தை முடியிற வரைக்கும் பொறுத்துக்கிடுவாகளாம்.”

ராமுத்தாய் அவர் வாயைப் பொத்த வந்தாள். “ஐயையோ! அந்தப் பேச்ச மாப்பிள்ளை காதுல போட்டுறாதீக!”

“அவருக்கு எதுக்கு? அவருதான் பட்டறையப் பாத்துக்கிடுவாரே,” என்றார் சேவுகன். “நான் போகட்டுமா, ராமுத்தாயி?”